சமையலறை-2

ராயக்கோட்டை சாலையில்
டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல்மாடி எங்கள் கம்பெனி.
ஒன்பது பேர். இரண்டு ஏசி, அதில் ஒன்று ஓடும்.
ஊர் உலகம் மென்பொருள் எழுதுகிறது;
எழுதியதைக் கட்ட, சோதிக்க, அனுப்ப
ஆளில்லாமல் ஓடும் கருவியை நாங்கள் எழுதுகிறோம்.
சமைக்கிறவர்களுக்கு அடுப்பு செய்து தருகிற மாதிரி
என்று பெண் பார்க்க வந்தவர்களிடம் விளக்கினேன்.
"அப்ப சமைக்க வராதா?" என்றார் மாப்பிள்ளையின் சித்தி.

கருவிக்குக் கட்டியம் என்று பெயர்.
முனிரத்தினம் சார் வைத்தது.
வேலை முடிந்ததும் அரசன் வருகிறான் என்பதுபோல்
அறிவிக்கும்: தேறியது. தேறவில்லை.
பெரும்பாலும் தேறவில்லை.

பழைய பதிப்பை ஜூனோடு நிறுத்துவதாக முடிவு.
இருநூற்றுச் சொச்சம் பேருக்கு மெயில் போட்டேன்.
மாறினார்கள். சிலர் திட்டிவிட்டு மாறினார்கள்.
மிஞ்சியது ஒன்று:
எங்கோ வடக்கே, ஏரியில் ஓடும் படகுகளுக்கு
டிக்கெட் விற்ற கம்பெனி.
அங்கே ஒரு கணினிக்கு யாரோ இட்ட பெயர்
சமையலறை-2.

பாத்திர அலமாரிக்குக் கீழே இருக்கிறதோ என்னவோ.
அவர்கள் நள்ளிரவு, நமக்கு விடியல் நாலரை;
அவர்கள் கோடையில் மட்டும் மூன்றரை.
மாம்பழ லாரிகள் கூழ் ஆலை வாசலில்
வரிசை கட்டும் நேரத்தில்
நாலு வருடமாகத் தினமும் ஒரே வரி:
மாற்றம் ஏதுமில்லை. கட்டினேன்.
நாற்பத்தொரு சோதனையும் தேறின.

போட்ட மெயில் திரும்பி வந்தது.
போனை எடுத்தது ஒரு பல் ஆஸ்பத்திரி.
"நாலு வருஷமா காசு கட்டல,
ஒரு நாளும் தவறவும் இல்ல" என்றார் சார்.
"என்ன கஸ்டமர்டா இது."
பிறகு, நிறுத்திடும்மா.

ஜூலை ஒன்று, அதிகாலை மூன்றரைக்குச் சற்று முன்
வீட்டிலிருந்தே கதவைச் சாத்தினேன்.
தட்டுகிற சத்தம் மட்டும் பதிவாகட்டும் என்று விட்டேன்.

மூன்றரைக்கு வந்தது. திறக்கவில்லை.
ஒரு நிமிடம் கழித்து.
பிறகு இரண்டு நிமிடம். பிறகு நாலு. எட்டு.
அப்போதுதான் உறைத்தது, இது என் எழுத்து.
வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எழுதியது:
பதில் இல்லையென்றால் காத்திரு,
அடுத்த முறை இரட்டிப்பாய்க் காத்திரு.
சொல்லி முடிக்காமல் அடுத்த வேலையைத் தொடாதே.
அதிகபட்சம் எவ்வளவு என்ற இடத்தில்
பிறகு பார்க்கலாம் என்று குறிப்பு எழுதி
ஒன்றும் போடாமல் விட்டிருந்தேன்.
சரிபார்த்த ஷாஹினா பக்கத்தில் எழுதியிருந்தாள்:
ஓகே.

டயர் கடை பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
பத்தாவது காத்திருப்பு எட்டரை மணி நேரம்.
இருபதாவது, ஒரு நாள் குறைய ஒரு வருடம்.
முப்பதாவதை எழுதப் போய்
பேனாவை மூடி வைத்தேன்.

சாரிடம் சொன்னேன்.
"அதுவா ஓஞ்சிடும்" என்றார்.
ஓயாது சார், ஓயச் சொல்லி நான் எழுதவில்லை
என்று சொல்ல வந்து
இன்வாய்ஸ் பற்றிப் பேசினேன்.

ஜூலை இருபத்து மூன்று, இரவு ஒன்பது முப்பத்தேழு.
கீழே ஷட்டர் இறங்கிவிட்டது.
ரப்பர் தீய்ந்த வாசனையோடு
கூழின் புளிப்பும் ஜன்னலில்.
வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி உட்கார்ந்திருந்தேன்.
முப்பத்தாறு.
சையத் பாஷா மலைக்கு மேல் மின்னல், மழை இல்லை.

முப்பத்தேழு.
வந்தது.

மூடிய கதவில் ஒரு வரி, அவ்வளவுதான்.
என்ன சொல்ல வந்தது என்று எனக்குத் தெரியும்,
ஜூன் முப்பதின் செய்தி:
மாற்றம் ஏதுமில்லை.

அடுத்த நாளைக் கூழ் ஆலை கொடுத்த காலண்டரில்
பென்சிலால் வட்டமிட்டேன்.
ஒரு வாரம் கழித்து வட்டத்துக்குள்
ஷாஹினாவின் கையெழுத்து: நானும்.

ஆகஸ்ட் பதினைந்து, மாலை மூன்றே முக்கால்.
ஆபீஸ் லீவு.
சாவி என்னிடம்.